மேற்பார்வையாளர் இல்லாத மாதங்களை எங்கள் கணக்கில் எழுதாதீர்கள்: உயர்பட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பீட உயர்பட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

முதுதத்துவமாணி (எம்.பில்.), கலாநிதிப் (பிஎச்.டி.) பட்டங்களுக்குப் பதிவுசெய்த ஆய்வு மாணவர்கள் அனைவரும் பதிவுத் திகதியிலிருந்து ஆறு மாதங்களுக்குள் ஆய்வு முன்மொழிவை அளிக்கை செய்து அங்கீகாரம் பெற வேண்டும் என்றும், தவறினால் பதிவு இரத்தாகும் என்றும், மீண்டும் சேர விரும்புவோர் கட்டணத்தை முழுமையாகச் செலுத்த வேண்டும் என்றும் நீங்கள் எடுத்த தீர்மானம் பட்டப்பின்படிப்புப் பிரிவின் அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே பதிவுசெய்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று கடைசிப் பந்தியில் ஒரு வரி உண்டு. அந்த வரியை வாசித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் அரசறிவியலில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிவுசெய்துள்ள பகுதிநேர ஆய்வு மாணவி. கொழும்பில் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதாமல் விட்டது அச்சத்தினால் மட்டுமல்ல. வேறு பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்யும் நண்பர்களும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறார்கள். ஒரு பெயரைப் போட்டால் மற்றவர்கள் அது தமக்கல்ல என்று இருந்துவிடுவார்கள்.

காலக்கெடுவே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் ஒரு பக்கம்கூட எழுதாதவர்கள் இருக்கிறார்கள் என்பதும், அவர்களுடைய கோப்புகள் உங்கள் அலுமாரிகளை நிரப்புகின்றன என்பதும், உரிய காலத்தில் பட்டம் பெறுவோரின் எண்ணிக்கையை மேலிடங்கள் உங்களிடம் கேட்கின்றன என்பதும் எனக்கு விளங்குகிறது. என் முறைப்பாடு கெடுவின் நீளத்தைப் பற்றியதுகூட அல்ல. அது எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதைப் பற்றியது.

நடைமுறையை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அதை நாங்கள் நிற்கும் பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். நேர்முகத் தேர்வில் தெரிவானவுடன் கட்டணத்தை வங்கியில் செலுத்தும்படி கடிதம் வருகிறது. செலுத்திய பற்றுச்சீட்டில் வங்கி குத்தும் திகதியே எங்கள் பதிவுத் திகதியாகிறது. அன்றிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. மேற்பார்வையாளரை நியமிக்கும் வேலையோ அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. அவருடைய பெயர் முதலில் துறையின் கூட்டத்துக்கும், அடுத்து உங்கள் குழுவுக்கும், பின்னர் பீடச் சபைக்கும், இறுதியாகப் பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவைக்கும் போக வேண்டும். இந்த நான்கும் மாதம் ஒருமுறை கூடுபவை. பரீட்சைக் காலத்திலும் விடுமுறையிலும் சில கூட்டங்கள் நடைபெறுவதில்லை. ஓரிடத்தில் ஒரு தாள் குறைந்தால் கோப்பு அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுகிறது. எதுவும் தவறாமல், யாரும் விடுப்பில் போகாமல் நடந்தால்கூட நீங்கள் தந்திருக்கும் ஆறு மாதங்களில் பெரும்பகுதி இதற்கே போய்விடும்.

என்னுடைய கோப்பு ஒருமுறை திரும்பி வந்தது. மேற்பார்வையாளராக இணங்கியவரின் சுயவிபரக்கோவையில் கடைசிப் பக்கத்தைத் தவிர மற்றப் பக்கங்களில் அவருடைய சுருக்கொப்பம் இல்லை என்று அதன் மேல் ஒரு மஞ்சள் தாள் குத்தப்பட்டிருந்தது. அப்படியொரு விதி விண்ணப்பப் படிவத்தில் இல்லை, கைநூலிலும் இல்லை. பிரிவில் பணிபுரியும் முகாமைத்துவ உதவியாளர், பாவம், தாமும் அதை அன்றுதான் கேள்விப்பட்டதாகச் சொன்னார். அவரை நான் குறைகூறவில்லை. எங்களுக்கு ஏதாவது விளக்கம் கிடைப்பதென்றால் பெரும்பாலும் அவரிடமிருந்துதான் கிடைக்கிறது. சுருக்கொப்பம் பெறச் சென்றபோது அந்த விரிவுரையாளர் விடைத்தாள் திருத்தும் பணியில் வெளியூரில் இருந்தார். குழுவின் கூட்டம் அதற்குள் முடிந்துவிட்டது. இந்த ஒரு மாதத் தாமதத்தை நீங்கள் யாருடைய கணக்கில் எழுதுவீர்கள்? புதிய தீர்மானத்தின்படி என்னுடைய கணக்கில்தான்.

எனக்கு முந்தைய அணியினரின் நிலை இதைவிட மோசம். 2024 மே மாதம் தொடங்கி இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்த கல்விசாரா ஊழியர்களின் பணிப்புறக்கணிப்பின்போது பல்கலைக்கழக அலுவலகங்கள் இயங்கவில்லை. கோரிக்கைகளுக்காக அவர்கள் போராடியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் படிவத்தைப் பெற்றுக்கொள்ள ஆளில்லாமல் இருந்த அந்த நாள்களும் சிலருடைய பதிவுக் காலத்தில் சேர்த்தே எண்ணப்பட்டிருக்கின்றன. கால நீடிப்புக்கு எழுதியவர்களுக்குப் பதில் வரவில்லை.

மேற்பார்வையாளர் இல்லாவிட்டாலும் மாணவர் தாமாக வாசித்து முன்மொழிவை எழுதலாமே என்று உங்களில் ஒருவர் ஒரு கலந்துரையாடலில் கூறியதாகக் கேள்விப்பட்டேன். இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் துறையில் ஆய்வு தொடங்கும் இடம் எது என்பதில்தான் உங்கள் தீர்மானம் பிழைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

சிறப்புக் கலைமாணிப் பட்டத்துக்கு நாங்கள் படித்தது பெரும்பாலும் அரசியல் யாப்புகளையும் நிறுவனங்களையும் சிந்தனையாளர்களையும் விவரிக்கத்தான். டொனமூர் ஆணைக்குழு என்ன பரிந்துரைத்தது, 1972இன் யாப்புக்கும் 1978இன் யாப்புக்கும் என்ன வேறுபாடு, 13ஆவது திருத்தம் மாகாண சபைகளுக்கு எதைக் கொடுத்தது என்று கேட்டால் பக்கம் பக்கமாக எழுதிவிடுவோம். அதில் பழுதில்லை. ஆனால் ஒரு விடயத்தை ஆய்வுக்குரிய வினாவாக மாற்றுவது எப்படி என்பதை எங்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. நான் பதிவுசெய்தபோது என் கையில் இருந்தது "கொழும்பின் உள்ளூராட்சி மன்றங்களில் தமிழ்ப் பெண்கள்" என்ற தலைப்பு மட்டுமே. 1931இலேயே பெண்கள் உட்பட வயதுவந்தோருக்கு வாக்குரிமை கிடைத்த இந்த நாட்டில், பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு 2016இல் சட்டமாகி 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வரும்வரை, உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களின் பங்கு 2 வீதத்தைக்கூட எட்டவில்லை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்ற ஆவல் எனக்கு இருந்தது. ஆவலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாசித்தேன். வாசிக்க வாசிக்கத் தலைப்பு அகன்றதே தவிரக் கூர்மைப்படவில்லை.

மேற்பார்வையாளர் நியமிக்கப்பட்ட பின் அவருடன் நடந்த முதல் உரையாடல் அரை மணி நேரம்கூட இருக்காது. வட்டாரத்தில் போட்டியிட்டு வென்று வந்த பெண்ணையும், கட்சி தந்த மேலதிகப் பட்டியலிலிருந்து நியமிக்கப்பட்ட பெண்ணையும் ஒரே கூடையில் போடுகிறீர்களா என்று அவர் கேட்டார். 60 வீத இடங்கள் வட்டாரப் போட்டியாலும் 40 வீத இடங்கள் விகிதாசாரப்படி கட்சிப் பட்டியலிலிருந்தும் நிரப்பப்படும் கலப்பு முறையில் பெண்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியாகவே சபைக்குள் வந்தார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதுதான் என் ஆய்வின் அச்சாணி என்று தெரிந்திருக்கவில்லை. பட்டியலில் வந்தவருக்குச் சபையில் பேச எவ்வளவு இடம் கிடைத்தது, கிடைக்காவிட்டால் அதற்குக் காரணம் அவரை நியமித்த கட்சியா, சபையின் நடைமுறையா, கூட்டம் நடந்த மொழியா என்று அன்று மாலையே என்னால் எழுத முடிந்தது. அரசறிவியலில் முன்மொழிவு என்பது இப்படித்தான் பிறக்கிறது. தெரிந்தவர் ஒருவர் எதிரில் இருந்து கேள்வி கேட்க வேண்டும். அந்த ஒருவரை நியமிக்காமலேயே கெடுவை மட்டும் நியமிப்பது, நீச்சல் ஆசிரியர் வருமுன் மாணவரைக் குளத்தில் இறக்கிவிட்டு எத்தனை நிமிடத்தில் கரையேறுகிறார் என்று பார்ப்பதற்கு ஒப்பானது.

அடுத்து, அறிமுகக் கடிதம். இதை நான் பலமுறை நேரில் எடுத்துச் சொல்லியும் பயன் கிடைக்காததால் பகிரங்கமாக எழுதுகிறேன். முன்மொழிவுப் படிவத்தில் களத்தை அணுகுவதற்கான சாத்தியத்தை ஆதாரத்துடன் காட்டும்படி ஒரு பகுதி இருக்கிறது. அது நியாயமான கேள்விதான். பேச இணங்குவோர் இல்லாமல் நேர்காணல் ஆய்வை எப்படிச் செய்வது? ஆனால் களத்தில் எவரைச் சந்திக்கப் போனாலும் பல்கலைக்கழகத்தின் கடிதத்தைக் கேட்கிறார்கள். துறையோ முன்மொழிவு அங்கீகரிக்கப்பட்ட பின்னரே கடிதம் தரலாம் என்கிறது. கோழியா முட்டையா என்ற இந்த வழக்கை எந்த நீதிமன்றத்தில் தீர்ப்பது?

கொட்டாஞ்சேனையில் முன்னாள் உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். நேர்காணலுக்காக அல்ல, பின்னர் நேர்காணலுக்கு இணங்குவாரா என்று கேட்டு வரத்தான். வரவேற்று, முன்னறையில் இருத்தி, தேநீர் தந்தார். என் ஆசிரிய அடையாள அட்டையைக் கையில் வாங்கி இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. யுனிவர்சிட்டி கடிதம் ஒன்னு இருந்தா கட்சி ஆளுங்களுக்குக் காட்டலாம். இல்லாட்டி யாரு அனுப்பின ஆளுன்னு கேப்பாங்க." அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தேர்தல் காலங்களில் விபரம் கேட்டு வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் ஆய்வாளர்கள் அல்லர் என்பது கொழும்பில் வாழும் தமிழருக்குத் தெரியாததல்ல. அவருக்கு அந்தக் கடிதம் ஒரு காப்பு. அதை நீங்கள் எனக்குத் தராதபோது அவருக்கும் தரவில்லை.

இத்துடன் அரசியல் உங்கள் நாட்காட்டியைப் பார்த்து நடப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச் 9ஆம் திகதி நடைபெற இருந்தது. அதை மையமாக வைத்து முன்மொழிவு எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். நிதி இல்லை என்ற காரணத்தோடு தேர்தல் நின்றது. அதே மாதத்தில் மன்றங்களின் பதவிக்காலமும் முடிந்தது. தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் ஆணையாளர்களும் செயலாளர்களும் நிருவகித்தார்கள். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. வாக்கெடுப்பு 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இதற்கிடையில் அந்த மாணவர் தம் ஆய்வை வேறு வழிக்குத் திருப்பக் கேட்டபோது, தலைப்பு மாற்றம் என்று அது ஆரம்பத்திலிருந்து மீண்டும் எல்லாக் கூட்டங்களுக்கும் அனுப்பப்பட்டது, ஆனால் காலம் மட்டும் ஆரம்பத்திலிருந்து எண்ணப்படவில்லை. மாகாண சபைகளை ஆராய விரும்புகிறவரின் பாடு சொல்லவே வேண்டாம். 2014இல் ஊவா மாகாணத்துக்கு நடந்ததற்குப் பிறகு எந்த மாகாண சபைக்கும் தேர்தல் நடக்கவில்லை. ஆய்வுகூடத்தில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துகிறவருக்கு வகுத்த அட்டவணையை, வர்த்தமானி அறிவித்தலுக்காகக் காத்திருக்கும் மாணவருக்கும் அப்படியே பொருத்துவதில் நியாயமில்லை.

ஆய்வு முறையியல் பாடநெறி ஒன்று எங்களுக்கு நடத்தப்படுகிறது என்பதை நான் மறைக்கவில்லை. அது முகாமைத்துவ, பொருளியல் மாணவர்களோடு சேர்த்து நடத்தப்படுகிறது. வினாக்கொத்துத் தயாரிப்பதும், கிடைக்கும் தரவுகளைக் கணினி மென்பொருளில் இட்டுப் புள்ளிவிபரம் பெறுவதும்தான் அதன் பெரும்பகுதி. எண்சார்ந்த முறைகளை நான் தாழ்வாக எண்ணவில்லை. தேர்தல் முடிவுகளை வட்டார வாரியாகப் பகுத்தாய எனக்கே அவை வேண்டும். ஆனால் எங்களுக்கு வேண்டிய வேறு பலவற்றை எவரும் தொடவில்லை. ஒரு சபையை மட்டும் ஆராய்வதா, இரண்டை ஒப்பிடுவதா, ஒப்பிடுவதென்றால் எந்த அடிப்படையில் தெரிவுசெய்வது? ஒரு தீர்மானம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் கூட்டக் குறிப்புகளிலிருந்து படிப்படியாகப் பின்தொடர்வது எப்படி? கேள்வியைத் தம் விருப்பத்துக்குத் திருப்பிப் பழகிய அரசியல்வாதியிடமிருந்து பதில் பெறுவது எப்படி? கணவர் பக்கத்தில் அமர்ந்து தாமே பதில் சொல்லத் தொடங்கும்போது உறுப்பினரான மனைவியின் குரலைக் கேட்க வைப்பது எப்படி?

மூலங்களைத் தேடும் வழிகளையும் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் அறிந்தோம். பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் வாசகராகப் பதிவுசெய்வதற்கு என்ன வேண்டும், பாராளுமன்ற விவாதப் பதிவான பழைய ஹன்சாட்டை எங்கே பார்க்கலாம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்கு முந்தைய அணியிலிருந்த ஒருவர் வெள்ளவத்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு விறாந்தையில் வைத்துச் சொல்லித் தந்தவை. அச்சில் இல்லாத தமிழ்ப் பிரசுரங்களை "நூலகம்" என்ற இணையவழி எண்ணிம நூலகத்தில் தேடிப் பார்க்கவும், கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் போய்க் கேட்கவும் சொன்னவரும் அவரே. கட்டணம் வாங்கியவர்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரு சக மாணவர் தேநீரோடு செய்கிறார்.

ஒழுக்கநெறி அனுமதிப் படிவத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை நீங்களே நிரப்பிப் பாருங்கள். மாதிரிகள் எந்த வெப்பநிலையில் பேணப்படும், ஆய்வு முடிந்தபின் எவ்வாறு அழிக்கப்படும் என்று மருத்துவ ஆய்வுக்கான வினாக்கள் அப்படியே இருக்கின்றன. பக்கம் பக்கமாக "பொருந்தாது" என்று எழுதிக் கொடுத்தேன். என் ஆய்வில் உண்மையிலேயே பொருந்துகிற ஆபத்தை அந்தப் படிவம் கேட்கவேயில்லை. ஒரு சபையில் தமிழ்ப் பெண் உறுப்பினர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பெயரை மாற்றி எழுதினாலும், "வட கொழும்பைச் சேர்ந்த, பட்டியலில் வந்த உறுப்பினர்" என்று ஒரு வரி போதும், அந்தக் கட்சிக்காரர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். தம் கட்சிக்குள் நடந்ததை நம்பிச் சொன்னவரை அதிலிருந்து எப்படிக் காப்பது என்று எனக்கு வழிகாட்டல் தேவை. வெப்பநிலை அல்ல.

மொழியைப் பற்றி ஒரு பந்தி. உங்கள் தீர்மானம் ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. கைநூலின்படி ஆய்வேட்டைத் தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். ஆனால் தமிழில் எழுத விரும்புகிறேன் என்று சொல்பவரிடம், பரிசோதகரைத் தேடுவது கடினம், ஆங்கிலத்தில் எழுதினால் விரைவாக முடியும் என்று ஆலோசனை கூறப்படுகிறது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விரிவுரையாளர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள் என்பதும், தமிழில் வாசித்து மேற்பார்வை செய்யக்கூடிய முதுநிலை ஆசிரியர்கள் மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். அந்தக் கடினத்தின் விலையை மாணவர் மட்டும் செலுத்த வேண்டும் என்று நீங்கள் முடிவுசெய்வது வேறு விடயம். தமிழ்மொழி மூலம் பட்டம் பெற்று, தமிழில் நேர்காணல் செய்து, சிங்களத்தில் கூட்டக் குறிப்பை வாசித்து, ஆங்கிலத்தில் முன்மொழிவு எழுதுகிற மாணவருக்கும், எல்லாவற்றையும் ஒரே மொழியில் செய்பவருக்கும் ஒரே ஆறு மாதம் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுத நாங்கள் மறுக்கவில்லை. ஆய்வெழுத்துக்கான பயிற்சி வகுப்பொன்றைக் கேட்டுத் துறைக்குக் கடிதம் கொடுத்தோம். அதற்கும் பதில் இல்லை.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். ஒரு விதி வெளியிடப்படுவதற்கு முன்னர் நடந்தவற்றுக்கு அதைப் பொருத்தித் தண்டிக்கக்கூடாது என்பதைச் சட்டவாட்சி என்ற பாடத்தில் எங்களுக்குக் கற்பித்தவர்களில் சிலர் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். பொறுப்புக்கூறல், இயற்கை நீதி, பாதிக்கப்படுபவருக்குத் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளித்தல் ஆகியவற்றுக்கு அவர்கள் தந்த குறிப்புகள் இன்னும் என் கொப்பியில் இருக்கின்றன. அதே பாடத்தை நான் இப்போது உயர்தர மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். எங்கள் பதிவை இரத்துச் செய்யும் தீர்மானம் எடுக்கப்பட்டபோது எங்களில் எவரிடமும் எதுவும் கேட்கப்படவில்லை. மேன்முறையீட்டுக்கு வழி உண்டா என்றும் அறிவித்தலில் இல்லை.

இரத்து என்பது தாளில் ஒரு சொல். ஹட்டனிலிருந்து இரவு புகைவண்டியில் வந்து, காலையில் கோட்டை நிலையத்தில் முகம் கழுவிக்கொண்டு நேரே பிரிவுக்கு வருகிற ஆசிரியர் ஒருவர் எங்கள் அணியில் இருக்கிறார். தோட்டப் பாடசாலையில் படித்து, தம் குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் வந்தவர். மலையக மக்களின் பிரசாவுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் உள்ளூர் அரசியலில் விட்டுச்சென்ற தடங்களை ஆராய்கிறார். அவருக்கு மேற்பார்வையாளர் இன்னமும் நியமிக்கப்படவில்லை. ஒருவர் இணங்கி, பின் வெளிநாடு போய்விட்டார். ஆறு மாதங்கள் முடியப்போகின்றன. இரண்டாவது முறை முழுக் கட்டணம் செலுத்த அவரால் முடியாது என்பதை அவருக்காக நான் எழுதுகிறேன், அவருடைய அனுமதியுடன்.

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு முதுதத்துவமாணியை 11ஆம் மட்டத்திலும் கலாநிதிப் பட்டத்தை 12ஆம் மட்டத்திலும் வைத்து, முன்னதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளும் பின்னதற்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளும் முழுநேர ஆய்வு வேண்டும் என்கிறது. வேண்டப்படுவது ஆய்வு. கையொப்பத்துக்காகக் காத்திருக்கும் காலத்தை ஆய்வென்று அதில் சேர்க்க இடமில்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. ஆறு மாதக் கெடு மேற்பார்வையாளரின் நியமனக் கடிதம் மாணவரின் கைக்குக் கிடைத்த திகதியிலிருந்து எண்ணப்பட வேண்டும்; பகுதிநேர மாணவருக்கு அது பன்னிரண்டு மாதங்களாக இருக்க வேண்டும். தீர்மானத்தை ஏற்கெனவே பதிவுசெய்தவர்களுக்குப் பொருத்தும் வரி நீக்கப்பட வேண்டும். அதை நீக்கும்வரை எவருடைய பதிவையும் இரத்துச் செய்யாதீர்கள். இதை எல்லாவற்றிலும் அவசரமானதாகக் கருதுங்கள், ஏனென்றால் சிலருக்கு நாள் நெருங்கிவிட்டது. பணிப்புறக்கணிப்பாலும் பல்கலைக்கழகம் மூடப்பட்டதாலும் இழந்த காலம் விண்ணப்பிக்காமலேயே கழிக்கப்பட வேண்டும்.

பதிவுசெய்த ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் இடைக்கால ஆலோசகரைத் துறைத் தலைவரே நியமிக்கும் அதிகாரத்தைக் கொடுங்கள். நிரந்தர நியமனம் மூதவைவரை போய்வரட்டும், அதுவரை எங்களோடு பேச ஒருவர் இருப்பார். தமிழில் மேற்பார்வை செய்யக்கூடியவர் இங்கே இல்லாதபோது யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, பேராதனைப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களையும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களையும் இணை மேற்பார்வையாளராக ஏற்கும் நடைமுறையை எளிதாக்குங்கள்.

பூர்வாங்கக் களப்பயணத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் அறிமுகக் கடிதம், நேர்காணலுக்கான அனுமதி இதுவல்ல என்ற குறிப்போடு, கேட்ட வாரத்திலேயே மூன்று மொழிகளிலும் தரப்பட வேண்டும். அதைத் தட்டச்சுச் செய்து கடிதத் தலைப்பில் எடுத்துவர நாங்களே தயார். துறைத் தலைவர் கையொப்பமிட்டால் போதும்.

அரசறிவியல் மாணவருக்கென நேர்காணல், சுவடி ஆய்வு, ஒப்பீட்டு ஆய்வு ஆகியவற்றை உள்ளடக்கிய முறையியல் கருத்தரங்கு ஒன்றை, வேலை செய்பவர்களும் வரக்கூடியதாக வார இறுதியில், அடுத்த அணி சேர்வதற்கு முன் ஆரம்பியுங்கள். சமூக விஞ்ஞான ஆய்வுக்குரிய ஒழுக்கநெறிப் படிவத்தைத் தனியாக வரையுங்கள்.

கோப்பைத் திருப்பி அனுப்புவதென்றால் வேண்டிய எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத்தில் கேளுங்கள். பதிவை இரத்துச் செய்வதென்றால் மாணவரின் விளக்கத்தைக் கேட்ட பின்னரே, காரணம் காட்டி, மேன்முறையீட்டுக்கு இடம் வைத்து அதைச் செய்யுங்கள். குழுவின் அறிவித்தல்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே நாளில் வர வேண்டும். ஆய்வு மாணவர்களின் பிரதிநிதி ஒருவர் குழுவின் கூட்டங்களில் இருக்க வேண்டும்.

இந்த மடலை உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எடுக்கும் முடிவைக் கூட்டம் முடிந்து இரண்டு வாரங்களுக்குள் எழுத்தில் அறிவிக்கும்படி கோருகிறேன். பதில் கிடைக்காவிடின் பாதிக்கப்பட்ட மாணவர்கள் கையொப்பமிட்டு மூதவைக்கும், அதன் பின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் எழுதுவோம். ஒவ்வொருவருடைய பற்றுச்சீட்டினதும் நியமனக் கடிதத்தினதும் பிரதிகள் அந்த மனுவோடு இணைக்கப்படும்.

இங்ஙனம்,
அரசறிவியல் முதுதத்துவமாணி ஆய்வு மாணவி
கொழும்பு 06